சயோகோவின் குரலுக்கு ஓர் அட்டை

இனாகாகி வீட்டில் சயோகோவின் குரல் தொலைக்காட்சிக்குக் கீழே, செருப்புப் பெட்டி அளவிலான ஒரு கறுப்புப் பதிவுப் பெட்டிக்குள் இருந்தது. சயோகோவிடம் இல்லை. அவளுடைய குரல்வளையில் புற்று வந்து, போன இலையுதிர் காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தால் பிழைப்பாள் என்றார் மருத்துவர், எடுத்தார், பிழைத்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

சயோகோ சுற்றுலாப் பேருந்து வழிகாட்டி. முப்பது வருஷம் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்று, மலை வந்தால் மலையைப் பற்றியும் கடல் வந்தால் கடலைப் பற்றியும் பேசி, இரண்டும் வராத இடத்தில் பாட்டுப் பாடிச் சம்பாதித்தவள். பேருந்து பின்னால் வர வேண்டுமென்றால் இறங்கிப் பின்பக்கம் போய் நின்று, "வரலாம்... வரலாம்... வரலாம்... போதும்!" என்பாள். அந்தப் 'போதும்' காதில் விழுந்தால் ஓட்டுநர்கள் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, பிரேக்கை மிதிப்பார்கள். அவள் ஓய்வுபெற்றபோது நீகாதாவின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று மதிய நிகழ்ச்சியில் அவளைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் காட்டியது. இனாகாகி அதைப் பதிவு செய்து வைத்திருந்தார்.

அதைத் தவிர அவள் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதற்குக் காரணம் இனாகாகிதான். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர். அவருடைய கைபேசியில் இருந்த வீடியோக்கள் எல்லாம் நாற்சந்திகள். மனைவியோடு வெந்நீர் ஊற்றுக்குப் போன இடத்தில்கூட அவர் படம் பிடித்தது, தப்பான உயரத்தில் நட்டிருந்த ஒரு வேகப் பலகையை. ஆளில்லாத வயல்வெளியில், ரயில் ஓடுவதையே நிறுத்திவிட்ட தண்டவாளத்துக்கு முன்னாலும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பார். ஒரு விதி இருக்கிறதென்றால் அதை யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறவர்.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். எழுத்தை அடித்தால் அது பேசும். சயோகோ முதன்முதலில், "ஏங்க, தேநீர் வேணுமா?" என்று அடித்தாள். கருவி கேட்டது. இருவரும் கருவியைப் பார்த்தார்கள். சயோகோ தன் சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து எழுதினாள்:

"நம்ம குளியல் தொட்டி 'தண்ணி சூடாச்சு'ன்னு சொல்லுமே, அதே பொண்ணு."

"அவ்வளவு மோசமா இல்லையே," என்றார் இனாகாகி.

"அப்ப அவளோட குடித்தனம் பண்ணுங்க."

கருவியை அவள் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து பலகைதான்.

நீகாதா நகரத்தில் ஒரு நிறுவனம், பழைய பேச்சுப் பதிவைக் கொடுத்தால் அதிலிருந்து அதே குரலைக் கருவிக்கு வார்த்துக் கொடுத்தது. அங்கே மியாதேரா என்ற இளம்பெண், "சுத்தமான பேச்சு ஒரு பத்து நிமிஷம் இருந்தா போதும் சார்," என்றாள்.

"பன்னிரண்டு இருக்கு," என்றார் இனாகாகி, பரீட்சையில் கூடுதல் மதிப்பெண் வாங்கியவரைப் போல. சயோகோ அன்று வீடு திரும்பும்வரை பலகையையே தொடவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள்.

இனாகாகி நிகழ்ச்சியை வட்டில் நகலெடுத்துக் கொண்டுபோனார். நிறுவனத்தின் கணினி அதைப் படிக்க மறுத்தது. பாதுகாக்கப்பட்ட ஒளிபரப்பின் நகலை, பாதுகாப்பை மதிக்கும் கருவிதான், அதாவது அதை எடுத்த அதே பெட்டிதான், படிக்கும். கணினிக்கு அந்த மரியாதை போதவில்லை. சயோகோ பொறுமை இழந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் கணவரின் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒலியைப் பிடித்தாள். மியாதேரா அதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அடடா, கணீர்னு இருக்கே! எங்க பதிவு பண்ணீங்க?"

அது மரியாதைக்குக் கேட்ட கேள்வி. யாரும் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"தொலைக்காட்சியிலேர்ந்து," என்றார் இனாகாகி, விபத்துக்குச் சாட்சி சொல்பவரைப் போல. "வான்வழி ஒளிபரப்பு. பிரதிப் பாதுகாப்பு உண்டு."

மியாதேராவின் விரல்கள் விசைப்பலகையிலிருந்து மெல்ல எழுந்தன. "அப்படின்னா... ஒளிபரப்புப் பாதுகாப்பு மன்றத்தோட அனுமதி வேணும் சார். மன்னிச்சுக்குங்க."

வெளியே வந்ததும் சயோகோ நடைபாதையிலேயே நின்று எழுதினாள்: "நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நான் மூடிக்கிட்டு இல்லையா?"

அந்த வாரமே பெட்டியும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. திரை கறுத்து, "அட்டையைச் சரியாகச் செருகவும்" என்றது. அட்டை சரியாகத்தான் செருகியிருந்தது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், சிவப்பு அட்டை. வானத்தில் இலவசமாக வரும் அலையை, சொந்தக் கூரையில் சொந்தச் செலவில் நட்ட ஆன்டெனா பிடித்து, சொந்தமாக வாங்கிய பெட்டிக்குக் கொடுத்தாலும், அட்டை தலையசைத்தால்தான் படம் தெரியும். அட்டை மட்டும் சொந்தமில்லை, இரவல். அதன் உறையைக் கிழித்தால் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நிபந்தனைகள் உறைக்குள்ளே இருக்கும்.

இனாகாகி அட்டையை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பித்தளைப் பகுதியைத் தேய்த்து, மறுபடி செருகினார். படம் வந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. மின்சாதனக் கடை ஒகுமுரா வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"அரிசி களையற மாதிரி கேக்குதா? உள்ள வட்டு தேயுது. ரொம்ப நாள் தாங்காது."

"பழுது பாத்துடுங்க."

"பாக்கலாம். உள்ள இருக்கற சர்க்யூட் பலகைய மாத்தினா பெட்டி புதுசாயிடும். ஆனா பழைய பதிவு புதுப் பலகைய 'நீ யாரு'ன்னு கேக்கும். அதுக்குப் பதில் தெரியாது. எல்லாம் போயிடும்."

"வட்டை மட்டும் கழட்டி வேற பெட்டியில போட்டா?"

"வேற பெட்டின்னா வேற ஆளு. திருடன்னு நெனச்சுக்கும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"அணைக்காதீங்க. அசைக்காதீங்க. கும்பிட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு ஒகுமுரா காலணியை மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரவும் பகலும் யாரோ அரிசி களைந்துகொண்டே இருந்தார்கள். சயோகோ சாப்பிடும்போது குச்சிகளைப் பாதியில் நிறுத்திக் கேட்பாள். சத்தம் இருந்தால் மறுபடி சாப்பிடுவாள்.

வான்வழி ஒளிபரப்புப் பிரதிப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மன்றம் டோக்கியோவில் ஒரு கட்டடத்தின் பதினாலாம் மாடியில் இருந்தது. நுழைந்ததும் சுவரில், "பார்ப்பது உரிமை, வைத்திருப்பது சலுகை" என்ற வாசகம். பிரிவுத் தலைவர் குகிமியா இருவரையும் குனிந்து வணங்கினார்; அவர்கள் குனிந்தார்கள்; அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இனாகாகி ஊரிலிருந்து கொண்டுவந்த மூங்கில் இலைக் கொழுக்கட்டைப் பெட்டியை நீட்டினார்.

"பத்தா? பொருத்தமான எண்ணிக்கை," என்று குகிமியா மகிழ்ந்தார். பிறகு விஷயத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிடறேன் சார். மேடத்தோட குரல் மேடத்தோடதுதான். அதுல மன்றத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்ல. ஆனா அது வாயை விட்டு ஒலிவாங்கிக்குள்ள போனதும் ஒலிப்பதிவு. கோபுரத்தை விட்டுக் கிளம்பினதும் ஒளிபரப்பு. உங்க பெட்டியில விழுந்ததும் பாதுகாக்கப்பட்ட பிரதி. நீங்க கேக்கறது இந்த மூணாவதை. அது யாருக்குச் சொந்தம்னு இருபது வருஷமா ஒத்த கருத்துக்கு வர முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்."

"அப்ப அது யாருக்குமே சொந்தமில்லையா?"

"பாதுகாப்பா இருக்கு சார். அதான் முக்கியம்." குகிமியா கண்ணைத் திறந்தார். "எங்களைக் கல்நெஞ்சக்காரங்கன்னு சொல்றாங்க. முன்னெல்லாம் ஒரு பதிவை ஒரே ஒரு தடவைதான் நகல் எடுக்கலாம். பயனாளர் மனசைப் புரிஞ்சுக்கிட்டு நாங்களாத்தான் பத்தா ஆக்கினோம். ஒன்பது நகல், பத்தாவது இடமாற்றம். இடமாற்றம் ஆனா மூலம் அழிஞ்சிடும். ஏன் அழியணும்னு கேக்கறாங்க. அழியலேன்னா அது நகல் இல்லையா? அப்பறம் பத்துங்கறதுக்கு என்ன அர்த்தம்?"

இனாகாகிக்கு இது நியாயமாகப் பட்டது. தனக்கு நியாயமாகப் படுவது அவருக்கே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சயோகோ எழுதிக் காட்டினாள்: "யார்கிட்டேர்ந்து பாதுகாக்கறீங்க?"

"உங்க மாதிரி நல்ல பயனாளர்கள் தெரியாம தப்பு பண்ணிடக் கூடாதில்லையா மேடம்?"

"திருடங்க?"

"அவங்க எப்படியோ எடுத்துடறாங்க," என்றார் குகிமியா வருத்தத்தோடு. "எங்க கிட்ட வர்றதே இல்ல. விண்ணப்பமும் போடறதில்ல. எங்களால பாதுகாக்க முடியறது உங்ககிட்டேர்ந்து மட்டுந்தான்."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுமதியில்லாத பிரதி ஏதாவது கைவசம் உண்டா, சம்பிரதாயத்துக்குக் கேட்கிறேன் என்றார். சயோகோ கணவரின் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள். அவள் நல்ல அழுத்தமாகவே மிதித்தாள்.

"கைபேசியில ஒண்ணு இருக்கு," என்றார் இனாகாகி.

குகிமியாவின் முன்னாலேயே அதை அழித்தார். குகிமியா எழுந்து நின்று, இப்படிப்பட்ட குடிமக்கள் இருக்கும்வரை ஒளிபரப்புக்கு எதிர்காலம் உண்டு என்று சொல்லி வணங்கினார். விண்ணப்பம் முழு மனத்தோடு பரிசீலிக்கப்படும் என்றார். திரும்பி வரும் ரயிலில் சயோகோ சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். சுரங்கப் பாதைகள் வந்தன, போயின. பலகை மடியில் வெள்ளையாகவே கிடந்தது. இனாகாகி ரயில் நிலையத்தில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதில் இருந்த ஊறுகாய்ப் பழத்தை மட்டும் எடுத்து அவருடைய சோற்றின் மேல் வைத்தாள். அவருக்கு அது பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அரிசி களையும் சத்தம் இருந்தது. இருவரும் வாசலிலேயே நின்று அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

பனி உருகும் சமயத்தில் மன்றத்தின் குழு அவர்களை நேரில் அழைத்தது. நீள்மேசைக்குப் பின்னால் வரிசையாக அங்கத்தினர்கள். விண்ணப்பதாரரும் பதிவில் உள்ளவரும் ஒருவர்தானா என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும் என்றார் குகிமியா.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மேடம் ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

சயோகோ கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினாள்.

"அவளால பேச முடியாது," என்றார் இனாகாகி.

"ஏன்?" என்று ஓர் அங்கத்தினர் கேட்டார்.

"குரல் இல்ல."

அங்கத்தினர் தாளைப் புரட்டினார். "அப்படின்னா எந்தக் குரலுக்கு விண்ணப்பம்?"

"பெட்டியில இருக்கற குரலுக்கு."

"அது இவங்களோடதுதான்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் பேசச் சொல்றோம்," என்று குகிமியா பரிவோடு விளக்கினார்.

இப்படி இரண்டு சுற்று வந்தார்கள். கடைசியில் இனாகாகியின் நகல் வட்டை மன்றத்தின் தனிக் கருவியில் போட்டு, நிகழ்ச்சியைத் திரையில் ஓடவிட்டு முகத்தையாவது ஒப்பிடலாம் என்று முடிவானது. ஒலி மட்டும் கூடாது; அந்த அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் அல்ல என்பதால், ஒலி வந்தால் அது பொது நிகழ்ச்சி ஆகிவிடும்.

திரையில் தொப்பி போட்ட சயோகோ ஊமையாக வாயசைத்தாள். திரைக்குப் பக்கத்தில் சயோகோ எழுந்து போய் நின்றாள். கைப்பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டினாள். அவற்றை எதற்குக் கொண்டுவந்தாள் என்று இனாகாகிக்குத் தெரியவில்லை. திரையில் கை வலப்பக்கம் நீண்டபோது அவள் கையும் நீண்டது. அங்கே உதடு அசைந்தபோது இங்கே அசைந்தது. மலை வந்தது, கடல் வந்தது, பாட்டு வந்தது. இரண்டு பேரும் ஓசையில்லாமல் பாடினார்கள். கடைசியில் பேருந்து பின்னால் வர, இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நொடியில் விரிந்து நின்றன. கேள்வி கேட்ட அங்கத்தினர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், ஏதோ தன்மேல் ஏற வந்ததைப் போல.

அனுமதி கிடைத்தது.

"வரலாற்றுல இதுதான் முதல் தடவை," என்று குகிமியா குரல் தழுதழுக்கச் சொன்னார். "மேடத்துக்காகப் புது விதியே எழுதியிருக்கோம். நகல்னா என்ன? பெட்டிக்கு வெளியில கேக்கறது எல்லாம் நகல். அப்ப மேடம் அந்தக் குரல்ல பேசற ஒவ்வொரு பேச்சும் ஒரு நகல். அதனால கருவியில ஓர் அட்டை செருகுவோம். ஒன்பது தடவை தாராளமாப் பேசலாம். வீட்டு எல்லைக்குள்ள, குடும்பத்தார் முன்னால."

"பத்தாவது?"

"இடமாற்றம். குரல் வேற கருவிக்குப் போயிடும். ஆனா அதுக்கு அனுமதி பெற்ற கருவி வேணும்."

"அது எங்க கிடைக்கும்?"

"இன்னும் யாரும் செய்யல," என்றார் குகிமியா. "இப்பத்தானே விதி வந்திருக்கு."

மியாதேரா குரலை வார்த்தாள். மன்றத்தின் ஆள் வீட்டுக்கு வந்து கருவியில் சிவப்பு அட்டையைச் செருகி, பெட்டியில் இருந்த மூலத்தையும் வட்டில் இருந்த நகலையும் முறைப்படி அழித்து, பெட்டியை அணைத்தார். அரிசி களையும் சத்தம் நின்றது. இத்தனை மாதம் தூங்கவிடாத சத்தம் அது. அன்றைக்கும் இருவரும் தூங்கவில்லை.

அதன்பிறகு இனாகாகி அந்தக் கருவியைப் பட்டுத்துணியில் சுற்றி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்தார். சேமித்துச் செலவு செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

"புத்தாண்டுக்கு ஒண்ணு. உன் அக்கா வந்தா ஒண்ணு. அப்பறம் நம்ம நாற்பதாவது கல்யாண நாளுக்கு..."

"நான் சாகும்போது?" என்று சயோகோ எழுதினாள்.

இனாகாகி யோசித்தார். "அதுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கலாம்."

அவள் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். "அது என் குரல். உங்க ஓட்டுநர் உரிமம் இல்ல, அழுக்குப் படாம வச்சுக்கறதுக்கு."

மழைக்காலம் வந்தது. குரல் ஒன்பதாகவே இருந்தது. ஒரு மாலை இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு காரில் திரும்பினார்கள். வண்டி நிறுத்துமிடம் வீட்டுக்குப் பின்புறம். தெருவிலிருந்து நீளமான, ஒடுக்கமான சந்து வழியாகப் பின்னோக்கியே போக வேண்டும். சந்தின் முடிவில் பக்கத்து வீட்டுக் கல்சுவர். முன்பெல்லாம் சயோகோ இறங்கிக் குரல் கொடுப்பாள். அறுவைக்குப் பிறகு வண்டியின் பின்பக்கத்தை விரல் முட்டியால் தட்டுவாள்: ஒரு தட்டு வரலாம், இரண்டு தட்டு போதும்.

அன்றைக்கு அவள் குடையோடு வீட்டுக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். இனாகாகி பின்னோக்கு கியரைப் போட்டு, தட்டுக்காகக் காத்திருந்தார்.

"வரலாம்," என்றது சயோகோவின் குரல்.

கொஞ்சம் கரகரப்பு, முடிவில் லேசாக மேலே தூக்கும் அந்த இழுப்பு. மழையில் நனைந்த குரல். இனாகாகியின் கால் தானாக பிரேக்கை விட்டது.

ஒன்றோடு நிறுத்திக்கொள்ளத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அதைக் கேட்டது அவர் மட்டும் இல்லை; ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவளும் திறந்த வெளியில் கேட்டாள். விரல் மறுபடி அழுத்தியது.

"வரலாம்... வரலாம்..."

இனாகாகி கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, கண்ணாடியில் இருந்த மழையைவிட அவர் கண்ணில் அதிகம் இருந்தது. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. வரலாம், என்றது குரல். இன்னும் வரலாம். முப்பது வருஷம் ஊர் ஊராகப் பேருந்துகளை மலைவிளிம்பிலும் கோயில் வாசலிலும் கொண்டுவந்து நிறுத்திய குரல் அது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"வரலாம்."

அது ஒன்பதாவது. சயோகோ 'போதும்' என்று அடித்து அழுத்தினாள்.

கருவியின் திரையில், "பத்தாவது: இடமாற்றம். அனுமதி பெற்ற கருவியை இணைக்கவும்" என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். "இணைக்கவும்" என்றது. வண்டிக்குள்ளே இனாகாகி காதைத் தீட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வராதவரை இடம் இருக்கிறது என்று அர்த்தம். சயோகோ குடையை எறிந்துவிட்டு வண்டியை நோக்கி ஓடினாள். முட்டியால் தட்டவும் செய்தாள். ஆனால் சுவர் முந்திக்கொண்டது.

அவர் இறங்கியபோது கல்சுவரில் மூன்று கல் சரிந்திருந்தது. சயோகோ நனைந்து நின்று, தோள் குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஓசையில்லாமல் அவரால் சொல்ல முடியவில்லை. அருகில் போய் அவள் முகத்தைக் கையால் துடைத்தார். அப்போதும் தெரியவில்லை.

போலீசை அவரே கூப்பிட்டார். வந்தவன் அவருடைய பழைய மாணவன்.

"வாத்தியாரே, நீங்களா? பின்னாடி வரும்போது கண்ணால பாருங்கன்னு எங்களைப் பிரம்பெடுக்காத குறையாத் திட்டுவீங்களே!"

"காதால கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றார் இனாகாகி.

"பின்னாடி ஆள் நின்னாங்களா?"

"நின்னாங்க."

"அப்பறம் ஏன் போதும்னு சொல்லல?"

சயோகோ பலகையை நெஞ்சோடு அணைத்தபடி மழைக்குக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு எழுதி, அவனுக்கு நேரே திருப்பினாள்.

"வரலாம்னு சொல்ல அனுமதி இருந்துது. போதும்னு சொல்ல இல்ல."

போலீஸ்காரன் அதை இரண்டு முறை படித்தான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் கைபேசியை எடுத்து, "வாத்தியாரே, இதை அப்படியே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

இனாகாகி வாயைத் திறந்தார். பழக்கத்தில் ஏதோ ஒரு விதி நாக்கு நுனிவரை வந்தது. சயோகோ அவரைப் பார்த்தாள். மழை பலகையின் மேல் விளிம்பிலிருந்து இறங்கி, முதல் வரியைக் கரைக்க ஆரம்பித்திருந்தது.

"எடுத்துக்கப்பா," என்றார். "சீக்கிரம். எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க."